பார்சிபாகன் சந்தின் மனவைத்தியர்

தெஹியோவிட்டையிலிருந்து தெரணியகலைக்குச் செல்லும் பாதையோரம், இறப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் உளநூல் பயிலும் என் பழைய மாணவி ஒருத்தி சென்ற விடுமுறையில் என்னைக் காண வந்தாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியனைத் தேடி உளநூல் மாணவி வருவானேன் என்று முதலில் வியந்தேன். அவள் வந்தது சொற்களைத் தேடி. குறிப்பேடு நிறைய ஆங்கிலச் சொற்களை எழுதிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் தோட்டத்துத் தாய்மாருக்கு விளங்கக்கூடிய தமிழ் வேண்டும் என்றாள்.

அவளுடைய ஆராய்ச்சிப் பொருளுக்கு அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயர்தான் கரடுமுரடு, பொருள் எளியது. பீலியடியில் குடம் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருத்தியை, அடுத்த லயத்துக்காரி முகம் பாராமல் கடந்து போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மனம், அவளுக்கு என்ன அவசரமோ என்று எண்ணி அதை மறந்துவிடும். இன்னொரு மனமோ, என்னை எல்லாரும் வெறுக்கிறார்கள், நான் எதற்கும் உதவாதவள் என்று தனக்குள்ளே சொல்லத் தொடங்கிவிடும். நிகழ்ச்சி ஒன்றே, உள்ளம் அதைப்பற்றிச் சொல்லிக்கொண்ட பேச்சே வேறு. அப்பேச்சைப் பிடித்து நிறுத்தி, அதற்குச் சாட்சி என்ன என்று நோயாளியே ஆராய்ந்து பார்க்கவும், முடங்கிப்போன அன்றாடச் செயல்களைச் சிறிது சிறிதாக மீளத் தொடங்கவும் பழக்குவதே இந்த வைத்தியம். பிலடெல்பியா நகரத்து மனவைத்தியர் ஆரன் பெக் என்பார் 1960களில் இதற்கு உருக்கொடுத்தார். பிராய்டின் மார்க்கத்தில் பயின்ற அவர், சோர்வுற்றோரின் கனவுகளை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்தபடி உள்நோக்கித் திரும்பிய சினத்தைக் காணாமல் தோல்வியும் இழப்பும் பற்றிய எண்ணங்களையே கண்டு, பழைய வழியை விட்டு விலகினார்.

மாணவிக்கு ஊக்கமூட்டிய ஆராய்ச்சி அமெரிக்காவில் நிகழ்ந்ததன்று. பாகிஸ்தானில் இராவல்பிண்டியை அடுத்த கிராமங்களில், வீடுவீடாகச் செல்லும் சாதாரணச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கருவுற்ற காலத்தில் மனச்சோர்வுற்ற தாய்மாருக்கு இச்சிகிச்சையைச் செய்வித்தனர். முடிவு 2008இல் வெளியாயிற்று. குழந்தை பிறந்து ஆறு மாதம் கழிந்தபோது, சிகிச்சை பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 23 பேரும், வழக்கமான வீட்டு விசாரிப்பை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 53 பேரும் சோர்வில் இருந்தனர். மனவைத்தியர் ஒருவரும் அக்கிராமங்களுக்குப் போய் அமர்ந்து வைத்தியம் செய்யவில்லை.

இவ்வளவு அறிந்தும் அவள் நெஞ்சில் ஓர் ஐயம் இருந்தது. ஆங்கிலத்தில் பிறந்த வைத்தியம், வெள்ளையர் மனத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, லயத்துக் காம்பராவில் வாழ்பவளுக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் பிழை சட்டையிலா, உடம்பிலா? வகுப்பில் இதைக் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்டாள். உளநூல் அறியாத நான் விடை சொல்ல எத்தனிக்கவில்லை. அந்த ஐயத்தோடு நாற்பதாண்டு வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாற்றை மட்டும் சொன்னேன். அன்று முன்பின்னாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கிரீந்திரசேகர போஸ் 1887ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் பிறந்தார். வங்காளக் குடும்பத்தில் ஒன்பது மக்களுள் கடைக்குட்டி. தந்தையார் சந்திரசேகர போஸ், பீகாரில் தர்பங்கா மகாராசாவின் சமஸ்தானத்தில் திவானாக இருந்தவர், வேதாந்தத்தில் தோய்ந்தவர். நம் பகுதி மொழியில் சொன்னால் ஒரு பெருந்தோட்டத்துக் கணக்கும் நிர்வாகமும் பார்த்தவர் என்னலாம். ஆனால் துரைமார் வீட்டுச் செல்வமும் பண்டிதர் வீட்டுப் படிப்பும் ஒரே கூரையின்கீழ் இருந்த வீடு அது. அண்ணன்மாருள் ஒருவரான இராஜசேகர போஸ் பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தைச் சிரிக்க வைத்த எழுத்தாளர். தொழிலால் இரசாயன அறிஞர். சலந்திகா என்னும் வங்காள அகராதியைத் தொகுத்தவர். ஒரு சகோதரர் சொற்களின் பொருளைத் தேடினார், மற்றவர் மனங்களின் பொருளைத் தேடினார் என்று சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் இருவரும் இரண்டையும் தேடினார்கள் என்பதே உண்மை.

கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியிலும் பின்னர் வைத்தியக் கல்லூரியிலும் பயின்று 1910இல் வைத்தியப் பட்டம் பெற்றார் கிரீந்திரசேகரர். இளமையிலேயே செப்படி வித்தையிலும், மெஸ்மெரிசம் என்று அக்காலத்தார் வழங்கிய அறிதுயில் வித்தையிலும் அவருக்குப் பேரார்வம். கண்கட்டு வித்தையில் மகிழும் சிறுவர் பலர்; கண் எப்படிக் கட்டப்படுகிறது என்று கேட்பவர் சிலர். இவர் இரண்டாம் வகை. வைத்தியத் தொழிலை மேற்கொண்டதும், மருந்துக்கு மசியாத நோயாளரை அறிதுயிலில் ஆழ்த்திக் குணப்படுத்த முயன்றார். பிராய்டு என்றொரு வியன்னா வைத்தியர் மனப்பகுப்பு என்றொரு முறையை நிறுவியுள்ளார் என்பதை அவர் முதலில் அறிந்தது பத்திரிகைக் கட்டுரைகள் வாயிலாகவே. மூல நூல்கள் ஜெர்மன் மொழியில் இருந்தன. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பிந்தியே கிட்டின. அவை கைக்கு வருமுன்னரே தம் நோயாளரிடமிருந்து கற்றுத் தமக்கென ஒரு வழியைக் கண்டிருந்தார்.

அடுத்து நிகழ்ந்தது என் மனத்தை எப்பொழுதும் கவர்வது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளநூலுக்கெனத் தனித்துறை புதிதாகத் திறக்கப்பட்டபோது, நகரில் நல்ல பேரும் வருவாயும் பெற்றிருந்த இந்த வைத்தியர், முப்பதை நெருங்கும் வயதில் மாணவராய்ப் பெயர் பதிந்துகொண்டார். காலையில் நோயாளர், பகலில் பாடம். 1917இல் முதுகலைத் தேர்வில் சிறப்பாகத் தேறி, அத்துறையிலேயே விரிவுரையாளராக அமர்ந்தார். 1921இல், ஒடுக்கம் பற்றிய கருத்தை ஆராய்ந்து எழுதிய நூலுக்காக அறிவியல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்தியாவில் உளநூலுக்கெனப் பெறப்பட்ட முதற் கலாநிதிப் பட்டம் அதுவே. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இந்திய மனவைத்திய ஆராய்ச்சியின் முதற்பக்கம் ஒரு மாணவனின் ஆராய்ச்சிக் கட்டுரை. வழிகாட்ட அத்துறையில் தேர்ந்த ஆசிரியர் எவரும் அந்நாட்டில் இல்லாத நிலையில் எழுதப்பட்ட கட்டுரை.

நூலின் பிரதியொன்றை வியன்னாவுக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்ட பிராய்டு, இவ்வளவு தொலைவான நாட்டில் தம் கருத்துக்கு இத்தகைய வரவேற்பா என்று வியந்து, அதே ஆண்டில் மறுமொழி எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. இருவரும் ஒருநாளும் நேரிற் சந்தித்ததில்லை. பிராய்டின் முகத்தைக்கூட அறியாத காலத்தில், ஜதீந்திரகுமார் சென் என்னும் ஓவியரைக் கொண்டு, எழுத்தை வைத்து முகத்தைக் கற்பனை செய்து ஒரு படம் வரைவித்து அனுப்பினார் போஸ். படத்தில் இருந்தவர் நல்லதோர் ஆங்கிலேயக் கனவான் போல் விளங்கினாராம். பிராய்டு அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். ஆங்கிலேயர் ஆட்சியில் அறிவாளிக்கு வேறு முகம் இருக்க முடியும் என்று ஓவியருக்குத் தோன்றவில்லை போலும்!

1922இல் இந்திய மனப்பகுப்புச் சங்கம் உதித்தது. கல்கத்தாவில் பார்சிபாகன் சந்து 14ஆம் இலக்க வீடு, அதாவது போஸ் குடும்பத்தாரின் இல்லம், சங்கத்தின் இருப்பிடமாயிற்று. தொடக்கத்தில் சேர்ந்த பதினைவருள் கல்லூரி ஆசிரியர்களும் வைத்தியர்களும் இருந்தனர். இராஞ்சியில் ஐரோப்பியருக்கான மனநோய் வைத்தியசாலையை நடத்திய பெர்க்லி ஹில் போன்ற ஆங்கிலேயரும் இருந்தனர். தலைவர் போஸ். அவர் கண்மூடும் வரை தலைவர் மாறவில்லை. ஐரோப்பாவில் மனப்பகுப்பாளராக வேண்டுவோர், முன்னரே தேர்ந்த ஒருவரிடம் தம் மனத்தைப் பகுக்கக் கொடுக்க வேண்டும் என்பது விதியாகி வந்தது. போஸின் மனத்தைப் பகுக்க யார் இருந்தார்? தம் மனத்தைத் தாமே பகுத்துக்கொண்டார். இதைக் குறையென்று சொன்னவர் உண்டு. பிராய்டும் அதையேதான் செய்தார் என்பதை நினைத்தால் அக்குறை பாதியாகிவிடும்.

இனி அவருடைய கொள்கைக்கு வருவோம். மாணவியின் ஐயத்தோடு தொடர்புடைய பகுதி இதுதான் என்பதால் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

மனிதனுக்குள் எழும் ஒவ்வொரு விருப்பத்துக்கும் நேரெதிரான விருப்பமொன்று அதன் மறுபுறத்தில் இருக்கிறது என்றார் போஸ். அடிக்க வேண்டும் என்ற விருப்பின் மறுபுறம் அடிபட வேண்டும் என்ற விருப்பு. ஆள வேண்டும் என்பதன் மறுபுறம் ஆளப்பட வேண்டும் என்பது. ஒன்று மேலெழும்போது மற்றது தாழும். சிறுவர் இருபுறமும் ஏறி விளையாடும் ஏற்றப்பலகை போல. ஒருபுறம் வெளிவர, மறுபுறம் உள்ளே ஒடுங்கிக் கிடந்து நோயாகிறது. ஆகவே வைத்தியர் செய்ய வேண்டுவது, நோயாளியை இரண்டு இடங்களிலும் மாறிமாறி இருத்திப் பார்ப்பது. தன்னை எல்லாரும் ஏசுவதாக அஞ்சி ஒடுங்குபவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். ஏசப்படுபவனாகத் தன்னைக் காண்பது அவனுக்குப் பழக்கம். ஏசுபவனின் இடத்திலும் தன்னைக் கற்பனை செய்து பார்க்குமாறு போஸ் சொல்லுவார். பின்னர் மீண்டும் பழைய இடம், மீண்டும் எதிரிடம். இப்படி ஆடியாடி இரண்டும் வெளிச்சத்துக்கு வந்தபின் அச்சம் தளரும் என்பது அவர் கண்ட அனுபவம்.

பிராய்டின் முறையில் நோயாளி மனம்போனபடி பேசிக்கொண்டிருப்பார். வைத்தியர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். போஸ் அப்படிச் சும்மா இருக்கவில்லை. இதைக் கற்பனை செய், இந்த இடத்தில் நின்று பார் என்று வேலை கொடுத்தார். நோயாளிக்கு வேலை கொடுக்கும் வைத்தியம் என்பதே அரை நூற்றாண்டின் பின் பெக்கின் மாணாக்கர்களால் உலகெங்கும் பரவியது. போஸ்தான் அறிகை நடத்தைச் சிகிச்சையைக் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. நம்மவர் எல்லாவற்றையும் முன்பே கண்டுவிட்டார் என்று மேடையில் முழங்குவோர் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. போஸ் தேடியது மறைந்திருந்த விருப்பத்தை. பெக் தேடியது மேலே மிதக்கும் எண்ணத்தை. இரண்டும் வேறு. ஆயினும், தன் எண்ணத்துக்கு எதிர்ப்புறம் ஒன்று உண்டு என்பதை நோயாளியே நின்று பார்க்கச் செய்வதில் இரண்டுக்கும் ஒரு சாயல் ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது.

1929இல் தம் கட்டுரைகள் பலவற்றைத் தொகுத்து பிராய்டுக்கு அனுப்பினார். ஐரோப்பிய நோயாளரிடம் பிராய்டு கண்ட சில அச்சங்கள் தம் இந்திய நோயாளரிடம் அத்துணை வலுவாகத் தென்படவில்லை என்றும் எழுதினார். மனம் எங்கும் ஒன்றாயினும் அது நோகும் விதம் வீட்டுக்கு வீடு, நாட்டுக்கு நாடு மாறக்கூடும் என்ற எண்ணம் அதில் தொனித்தது. பிராய்டு மரியாதையோடு படித்தார், ஆனால் ஏற்கவில்லை. எதிர்விருப்பக் கொள்கை தட்டையாக, மனத்தின் ஆழமும் வளைவும் இல்லாத கணக்குப்போல் தமக்குத் தோன்றுவதைக் குறிப்பிட்டார். என் சிற்றறிவுக்கு, பிராய்டின் தடையில் நியாயம் இருந்ததாகவே படுகிறது. எல்லாவற்றையும் இரட்டையாக்கும் கொள்கைக்கு ஓர் இயந்திரத்தன்மை வந்துவிடுகிறது. ஆயினும் போஸ் பணிந்து மாற்றிக்கொள்ளவுமில்லை, சினந்து உறவை முறிக்கவுமில்லை. பிராய்டோடு கருத்து வேறுபட்ட ஐரோப்பிய மாணாக்கர் பலர் பகைமை பூண்டு பிரிந்துபோன வரலாற்றை அறிந்தோருக்கு இதன் அருமை விளங்கும். தம் கொள்கையை மேலும் விரித்து 1933இல் வெளியிட்டார். வியன்னாவுக்குக் கடிதங்களும் சென்றுகொண்டே இருந்தன.

இடையில் 1931இல் பிராய்டுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. கல்கத்தாச் சங்கத்தார் தந்தத்தில் இழைத்த விஷ்ணு சிலையொன்றைப் பரிசாக அனுப்பினர். கடவுள் நம்பிக்கையை ஒரு மாயை என்று நூலெழுதியவருக்குக் கடவுள் சிலையைப் பரிசளித்ததில் போஸின் குறும்பும் கலந்திருக்குமோ என்று நான் ஐயுறுவதுண்டு. பிராய்டு மகிழ்ந்து அதைத் தம் எழுதுமேசையில் வைத்தார். வியன்னாவின் தட்பவெப்பத்தில் சிலையில் வெடிப்புகள் தோன்றலாயின. கல்கத்தாவில் பழகிய தெய்வத்துக்கு இவ்வூர்ச் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவர் வேடிக்கையாகக் குறித்து வைத்திருக்கிறார். 1938இல் நாட்சிகளுக்குத் தப்பி இலண்டன் சேர்ந்தபோது அவருடைய சேகரிப்புகளோடு அந்த விஷ்ணுவும் கூடவே போயிற்று. அவர் வாழ்ந்த இல்லம் இப்பொழுது நூதனசாலையாக இருக்கிறது. சிலையும் அங்கே இருக்கிறது.

நான் இதைச் சொன்னபோது மாணவி சிரித்தாள். பிறகு, இங்கிருந்து அங்கே போன பொருள் வெடித்தால், அங்கிருந்து இங்கே வரும் பொருளும் வெடிக்கத்தானே செய்யும் என்ற பொருள்பட ஏதோ சொன்னாள். எனக்குத் தோன்றாத விளக்கம் அது.

நூலறையோடு போஸ் நின்றுவிடவில்லை. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரி வைத்தியசாலையில் வெளிநோயாளருக்கென மனநோய்ப் பிரிவைத் தொடங்கினார். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் வருபவர் நுழையும் அதே வாயிலால் மனம் நொந்தவரும் நுழைந்து வைத்தியம் பெறலாம் என்ற ஏற்பாடு இந்தியாவில் அதுவே முதல். இதன் அருமை நம் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அங்கொடை என்ற ஊரின் பெயரையே வசைச்சொல்லாக வழங்கிய தலைமுறை எங்களுடையது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் லயத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர், மலையில் ஏதோ கண்டு பயந்தவர்போல், திடீரென்று வேலைக்குப் போவதை நிறுத்திக் காம்பராவின் மூலையில் அமர்ந்துவிட்டார். கோடாங்கி வந்தார், உடுக்கடித்தார், கோழி காவு கொடுத்தார்கள். பேர் இல்லாமல் போனால் காம்பராவும் இல்லாமல் போய்விடும் என்று அவர் மனைவி இரட்டை வேலை செய்தாள். வைத்தியரிடம் ஏன் கொண்டுபோகவில்லை என்று இன்று கேட்பது எளிது. கொண்டுபோனால் அங்கொடை என்ற பெயர் குடும்பத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டில் பெண் கொள்ளவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கோடாங்கியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒருவர்தாம் அந்த மூலையருகில் அமர்ந்து, என்ன கண்டாய் என்று அம்மனிதரிடம் கேட்டவர்.

1940இல் லும்பினி பூங்கா என்ற மனநோய் வைத்தியசாலை கல்கத்தாவின் தில்ஜலாப் பகுதியில் உருவாயிற்று. நிலம் கொடுத்தவர் அண்ணன் இராஜசேகரர். புத்தர் பிறந்த இடத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1947இல் சங்கத்துக்கென சமீக்ஷா என்னும் ஆங்கிலச் சஞ்சிகை தொடங்கப்பட்டது. 1949 வரை பல்கலைக்கழகத் துறையின் தலைமையும் அவரிடமே இருந்தது.

வங்காளத்தில் அவர் எழுதியவை தனிக்கதை. கனவைப்பற்றி ஸ்வப்ன என்றொரு நூல். புராணங்களின் கால வரன்முறையை ஆராயும் நூல். பகவத்கீதைக்கு மனநூல் நோக்கில் விளக்கம். சிறுவர்க்காகச் சிவப்பெறும்புகளுக்கும் கறுப்பெறும்புகளுக்கும் நடந்த போரை வருணிக்கும் லால் காலோ என்றொரு கதை. எறும்புப் போரை எழுதியவரும் எதிர்விருப்பக் கொள்கையை எழுதியவரும் ஒருவரே என்பதை அறியாமல் இரண்டையும் படித்தவர் பலர் இருந்திருப்பர். உளநூற் கலைச்சொற்களுக்கு வங்காளப் பெயர்களை ஆக்குவதிலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. நோயாளி ஆங்கிலத்தில் கனவு காண்பதில்லை. ஆங்கிலத்தில் பாடம் சொல்லிப் பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தில் அமர்ந்துகொண்டு, இதை அவர் மறக்கவில்லை.

அவர் குறைகளையும் சொல்ல வேண்டும். பார்சிபாகன் சந்துக்கு வந்து மாதக்கணக்கில் மனம்திறந்து பேசக்கூடியவர் யார்? படித்தவர், வசதியுள்ளவர், பெரும்பாலும் நகரத்து மேற்குடியினர். நாட்கூலிக்கு அது வைத்தியமன்று, எட்டாக்கனி. வெளிநோயாளர் பிரிவும் லும்பினி பூங்காவும் அந்த இடைவெளியைச் சிறிது குறைத்தன; ஆனால் மனப்பகுப்பு என்னும் முறையே நெடுங்காலத்தையும் தனியறையையும் வேண்டுவது. மாணவி பயிலும் சிகிச்சையின் பலம் இங்கேதான் இருக்கிறது. இராவல்பிண்டிக் கிராமங்களில் ஒரு தாய்க்குப் பதினாறு சந்திப்புகள். மகப்பேற்றுக்கு முந்திய மாதத்தில் தொடங்கிக் குழந்தை தவழும் காலத்தோடு முடிந்துவிடும். பால் வெட்டு அதிகாலையில் தொடங்கி நண்பகலோடு அடங்குவதால், இறப்பர்த் தோட்டத்துத் தாய்மாருக்குப் பிற்பகல் ஓய்வு உண்டு. ஆனால் எங்கே அமர்ந்து பேசுவது? ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பம்; சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம்; மூச்சு விட்டாலும் கேட்கும். கல்கத்தாவில் போஸுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவாவது இருந்தது. மாணவி அதையும் யோசித்திருந்தாள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியபின் பிள்ளைக்காம்பரா வெறுமையாக இருக்கும். அதைக் கேட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னாள்.

அயல்நாட்டுச் சட்டை என்ற அவள் ஐயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை நம் நாட்டவர் ஒருவரே எழுதியிருக்கிறார். இலண்டன் மனவைத்திய நிலையத்தில் பணியாற்றிய இலங்கை அறிஞர் பத்மால் டி சில்வா, பௌத்த பாளி நூல்களில் நடத்தை மாற்று முறைகளுக்கு ஒப்பானவை காணப்படுவதை 1984இல் ஓர் ஆங்கில ஆய்விதழில் விளக்கினார். மஜ்ஜிம நிகாயத்தின் சூத்திரமொன்று, விரும்பாத எண்ணம் மனத்தில் எழுந்தால் செய்யவேண்டுவன ஐந்து என்கிறது. நல்லெண்ணத்தால் அதை மாற்றுவது, பெரிய ஆப்பைச் சிறிய ஆப்பால் தச்சன் தட்டி வெளியேற்றுவது போல. அதன் தீமையை எண்ணிப் பார்ப்பது. அதைக் கவனியாது விடுவது. அது எங்கிருந்து எழுந்தது என்று ஆராய்ந்து தணிப்பது. ஒன்றும் பலியாவிட்டால் பல்லைக் கடித்து அடக்குவது. கடைசி வழியை இன்றைய வைத்தியர் அவ்வளவாக விரும்புவதில்லை. அடக்கிய எண்ணம் மீண்டும் வருவதைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். மற்ற நான்கையும் அவர்கள் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் தோட்டங்களைச் சூழ்ந்த சிங்களக் கிராமங்களின் பன்சாலைகளில் இந்நூல்கள் ஓதப்பட்டு வந்திருக்கின்றன. சட்டையின் துணி அவ்வளவு அந்நியமானதன்று.

போஸ் 1953ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் காலமானார். பிராய்டு மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. கடல் கடந்து வியன்னாவையோ இலண்டனையோ அவர் காணவேயில்லை. அண்ணன் இராஜசேகரர் மேலும் ஏழாண்டு வாழ்ந்தார்.

கதையை முடித்தபின் அன்று மாலை முழுதும் நாங்கள் இருவரும் சொற்களோடு மல்லாடினோம். மனச்சோர்வு என்ற சொல்லை நான் எழுத, அவள் அடித்தாள். தோட்டத்தில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. யோசனை கூடிப்போச்சு என்பார்கள், நெஞ்சு பாரம் என்பார்கள் என்றாள். யோசனை என்ற சொல்லையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிந்திப்பதற்கும் வருந்துவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மக்களிடம், எண்ணமே துயரமாகிறது என்று சொல்ல எவ்வளவு விளக்கம் வேண்டும்? அதை அப்படியே வைத்துக்கொண்டோம். நினையாமலே மனத்தில் வந்து குதிக்கும் எண்ணத்துக்குத் தன்னால வர்ற நெனப்பு என்று பேச்சுமொழியிலேயே எழுதினாள். முப்பதாண்டு இலக்கணம் கற்பித்த என் கை சற்றுக் கூசியது, ஆனால் திருத்தவில்லை. ஆதாரம் என்பதற்குச் சாட்சி. வாரந்தோறும் செய்துவரச் சொல்லும் பயிற்சிக்கு வீட்டுப்பாடம் என்று ஆங்கிலத்தைப் பின்பற்றி எழுதியிருந்தாள். பள்ளிக்கூடம் போகாத தாய் அச்சொல்லைக் கேட்டால் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவாள் என்று நான் சொல்ல, அதை வார வேலை என்று மாற்றினோம். ஏழு சொற்கள் முடிந்தன. சிகிச்சை என்பதற்கும் உளவளத்துணை என்பதற்கும் தாய்மார் வாயில் நுழையும் சொல் அகப்படவில்லை. அவற்றை வெறுமையாக விட்டுக் குறிப்பேட்டை மூடினாள். தெரணியகலைக் கடைசி பஸ் புறப்படும் நேரமாகியிருந்தது.